91 வயது விவசாயியும் ஓர் ஆஸ்டின் ஏ40 காரும்

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) பிரஜோத்பத்தி வருஷம் தை மாதம் பிறந்தவர் என்று அவருடைய ஜாதகம் சொல்கிறது. ஆங்கிலக் கணக்கில் 1932 ஜனவரி. 2023இல் காலமானார். அந்த 91 வருடத்தில் அறுபதுக்கும் மேல் அவரோடு இருந்தது ஓர் ஆஸ்டின் ஏ40 டெவன் கார். அது இன்றைக்கும் ஓடுகிறது. அவருக்குப் பிறகு வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. ஊர்ப்புறத்தில் தாத்தா காலத்துக் கார் ஒன்றைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோபிச்செட்டிப்பாளையத்துக்கும் கவுந்தப்பாடிக்கும் நடுவில் எங்கள் தோட்டம். அப்புச்சி சின்னப் பையனாக இருந்தபோது அங்கே வாய்க்கால் கிடையாது. கிணற்றில் கவலை (எருதுகள் இழுத்துத் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு) ஓட்டித்தான் தண்ணீர். விடியும் முன்பே எருதுகளைப் பூட்டினால் வெயில் ஏறும் வரை அந்தச் சரிவில் இறங்குவதும் ஏறுவதுமாகவே பொழுது போகும் என்பார். 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. 2,07,000 ஏக்கர் பாயும் வாய்க்கால் அது. ஒரு போகத்தில் பாதி மதகுகளுக்கு நெல்லுக்குத் தண்ணீர், அடுத்த போகத்தில் மீதிப் பாதிக்குப் புன்செய்த் தண்ணீர், மறு வருடம் மாற்றி. இந்த முறையை ஒட்டித்தான் அப்புச்சியின் மொத்த வாழ்க்கையும் அமைந்தது. நெல், மஞ்சள், கரும்பு. கரும்பை ஆட்டிக் காய்ச்சி நாட்டுச் சர்க்கரையாக்கிக் கவுந்தப்பாடி சந்தைக்குக் கொண்டுபோவார். பழனி பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் சர்க்கரை போகிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

மஞ்சள் விற்ற பணத்தில், 1962இல், கோயமுத்தூரில் ஒரு மில் மேனேஜரிடமிருந்து பழைய காராக அந்த ஆஸ்டினை வாங்கினார். அசோக் லேலண்ட் என்றால் நமக்கு லாரியும் பஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1948இல் ரகுநந்தன் சரண் அந்தக் கம்பெனியை அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கியது ஆஸ்டின் கார்களுக்காக. இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்து எண்ணூரில் பூட்டினார்கள். 1955இல்தான் அது அசோக் லேலண்ட் ஆனது. எங்கள் வண்டி அந்த எண்ணூர்க் காலத்துப் பிறவி. 1200 சிசி இன்ஜின், 40 குதிரைத்திறன், பானட்டின் மூக்கில் இறக்கை விரித்த 'ஏ' எழுத்து. திரும்பும்போது கதவுக்கு நடுவிலிருந்து கைபோல நீளும் சின்ன விளக்குக் கம்பி ஒன்று உண்டு. ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் அதிசயம். அதைப் பார்க்கவே திருப்பத்தில் காத்துக்கொண்டு நிற்பார்களாம்.

கார் வாங்கியவர் மாட்டை விட்டுவிடவில்லை. 1972இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோயமுத்தூர் ரோடுகளை அடைத்தார்களே, அதற்கு அன்னூர்ப் பக்கத்து மச்சான் வீட்டு வண்டியில் ஏறிப் போனார். கார் தோட்டத்தில் நின்றது. அது பற்றி யாராவது கேட்டால், "காரு எனக்கு. கரண்டு எல்லாருக்குமல்லோ" என்பார்.

வண்டியைப் பராமரிக்க அவர் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. மாட்டு வண்டியிலிருந்து வந்த பழக்கம் அது. வைக்கோலைச் சுட்ட கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போடுவார்கள். மை காய்ந்தால் சக்கரம் கத்தும், கத்தினால் மாடு இளைக்கும். காரின் முன்பக்கத்தில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள்கள் இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு இது புது விஷயமாகவே படவில்லை. மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு மறுநாள், கிரீஸ் கன்னோடு கீழே படுத்துவிடுவார். பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வந்து, புதுக் கிரீஸ் தலைகாட்டும் வரை அடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் உள்ளே மணலோடு சேர்ந்து அரைத்துக்கொண்டேதான் இருக்கும். மண் தடத்தில் ஓடும் பழைய வண்டிக்கு முதலில் தேய்வது, முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின்தான். இன்றைய கார்களில் இந்த வேலையே இல்லாததால் மெக்கானிக்குகளும் கேட்பதில்லை. நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

ரேடியேட்டர் இன்னொன்று. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் சில வருடத்தில் உள்ளே சுண்ணாம்பு கட்டி இன்ஜின் சூடேறும். அப்புச்சி ஓட்டு வீட்டின் கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரை, முதல் மழையை விட்டுவிட்டு, மண்பானையில் பிடித்து வடிகட்டி வைத்திருப்பார். ரேடியேட்டருக்கு அதுதான். இப்போது நான் கூலன்ட் கலந்து ஊற்றுகிறேன். அதைக் கரைக்கவும் டிஸ்டில்டு வாட்டர்தான், போர் தண்ணீர் கிடையாது.

இனி ஸ்டார்ட்டிங் ஹேண்டில், அதாவது காரின் முன்னால் செருகி இன்ஜினைக் கையால் சுற்றும் கம்பி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக் காட்டியது இன்னும் விரலில் இருக்கிறது. "வெரலு அஞ்சும் ஒரே பக்கம் இருக்கோணும் கண்ணு. கட்டை வெரலச் சுத்திப் புடிச்சயினா, அது திருப்பி அடிக்கறப்ப எலும்பு போயிரும்." கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. இன்ஜின் எதிர்த்து உதைத்தால் இழுக்கும் கை விரிந்து விட்டுவிடும், அமுக்கும் கை மாட்டிக்கொள்ளும். பேட்டரி நன்றாக இருந்தாலும் காலையில் முதல் தடவை சாவி போடாமல் ஹேண்டிலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவார். ஆயில் கொஞ்சம் மேலேறும், அதோடு இன்ஜின் எங்காவது பிடிக்கிறதா என்று கைக்குத் தெரிந்துவிடும். நானும் அதையே செய்கிறேன்.

1973க்குப் பிறகு பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. அந்தக் காலத்தில் பலர் பழைய கார்களின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். அப்புச்சியிடமும் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டார். கட்டைகளின் மேல் ஏற்றி மஞ்சள் குடோனில் நிறுத்தினார். பதினைந்து வருடம் போல நின்றது. அவர் அப்படிப் பிடிவாதமாக இருந்ததால்தான் இன்று அசல் இன்ஜினோடு வண்டி இருக்கிறது. அதே சமயம், நின்ற வருடங்கள் வண்டிக்குச் செய்த கெடுதலை ஓடிய வருடங்கள் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மாமா அதை மறுபடி எழுப்பியபோது நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன். சீட்டுக்கு அடியில் எலிக்கூடு. வயரிங் முழுக்கக் கொறித்திருந்தது. டாங்கில் பெட்ரோல் கெட்டு வார்னிஷ்போலப் பிசுபிசுத்து, அதன் மேல் துரு. பிஸ்டன்கள் பிடித்துக்கொண்டிருந்தன. வந்த ஒரு மெக்கானிக், ஜீப்பில் கட்டி இழுத்தால் விட்டுவிடும் என்றார். அப்புச்சி ஒத்துக்கொள்ளவில்லை. பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து நான்கு துளையிலும் ஊற்றி, துணியால் மூடி விட்டுவிட்டார். தினமும் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து கொஞ்சம் ஊற்றுவார், ஹேண்டிலை லேசாக அசைத்துப் பார்ப்பார், போய்விடுவார். அவசரமே இல்லை. ஒரு நாள் அரை அங்குலம் அசைந்தது. அன்றைக்கு வீட்டில் ஒப்புட்டு (போளி) செய்யச் சொன்னார். பலவந்தமாக இழுத்திருந்தால் ரிங்குகள் உடைந்திருக்கும், கனெக்டிங் ராடு வளைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நீங்கள் அப்படி நின்ற வண்டி ஒன்றைத் தொடப்போகிறீர்கள் என்றால் முதலில் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துவிடாதீர்கள். டாங்கைக் கழற்றி, கூழாங்கல் போட்டு உருட்டிக் கழுவி, பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றி, ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் மின்சாரம்.

மின்சாரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைக்கு எல்லா வண்டியிலும் நெகட்டிவ். புது பேட்டரி வாங்கிய கடையில் ஒரு பையன் வழக்கம்போல நெகட்டிவை பாடியில் மாட்டிவிட்டான். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் துருவம் எதிரெதிரானதில், அவை இரண்டையும் இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட் என்ற ஸ்விட்சின் பாயிண்டுகள் கருகிப்போயின. அதன் பிறகு பேட்டரிப் பெட்டியின் மூடியில் 'பிளஸ்தான் எர்த்' என்று சிவப்பு பெயின்டில் எழுதி வைத்துவிட்டோம். உங்கள் வண்டி பழைய ஆஸ்டின், மோரிஸ், ஸ்டாண்டர்டு என்றால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் விஷயத்தில் யாரையும் நம்பாமல் நீங்களே படுத்துப் பார்ப்பது நல்லது. டெவனில் முன்பக்கம் ஹைட்ராலிக், பின்பக்கம் இரும்புக் கம்பிகள் இழுக்கும் பிரேக். முன்பக்கத்துக்கு பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலோ வேறெதுவோ பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் உப்பிப்போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கக்கூடியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எங்கள் தோட்டமே ஈரமாகத்தான் இருக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுகிறோம். பின்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சதுரத் தலை அட்ஜஸ்டர் உண்டு. பிடிக்கும் வரை முறுக்கி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் இன்றைய கார் நிற்கிற தூரத்தில் இது நிற்காது. நாற்பதுக்கு மேல் போகாமல், முன்வண்டிக்குத் தாராளமாக இடம்விட்டு ஓட்ட வேண்டும். அந்தக் கைவிளக்குக் கம்பியை இன்றைக்குப் பின்னால் வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. அதனால் பம்பருக்கு அடியில் மினுக்கும் விளக்கு வைத்தோம். அசல் கெட்டுவிட்டதே என்று சில நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். உயிரோடு வீடு வந்து சேர்வது முக்கியம் என்பது என் கருத்து.

பெட்ரோலும் இரண்டு முறை மாறிவிட்டது. 2000இல் நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது. பழைய இன்ஜினின் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம் ஒரு பாதுகாப்பு. அது போனதும் அந்த இடம் மெல்லத் தேயும். ஹெட்டைக் கழற்ற வேண்டிய வேலை வந்தபோது கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு லேத்தில் கடினமான வால்வு சீட்டுகளைப் பொருத்திக்கொண்டோம். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர் என்பதால் இந்த மாதிரி வேலைக்குக் கோயமுத்தூரை அடிக்க ஆளில்லை. அம்பாசடருக்குக் கிடைப்பதுபோல ஆஸ்டினுக்குக் கடையில் பாகம் கிடைக்காது. தேய்ந்த பழையதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் புஷ், பின், லிங்க் எல்லாம் கடைந்து கொடுத்துவிடுவார்கள். ஆகவே கழற்றிய எதையும் வீசாதீர்கள். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது தின்கிறது, ஈரத்தையும் இழுத்து டாங்கில் துருவை உண்டாக்குகிறது. எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுங்கள், டாங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது வண்டிக்கு நல்லதில்லை. இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் அணைத்தால் உள்ளே உண்டான ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்தால் பதினைந்து, இருபது கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வர வேண்டும். அப்புச்சிக்குக் கவுந்தப்பாடி சந்தை, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தை, பண்ணாரி கோயில் என்று போக இடம் இருந்துகொண்டே இருக்கும். அந்தியூரில் காரை நிறுத்திவிட்டு நாள் முழுக்கப் பர்கூர் மாடுகளின் பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். காரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அவர் உடம்பையும் அப்படித்தான் வைத்திருந்தார். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் மதகு வரை நடந்து போய் வருவார். ராகிக் களி, மோர், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. நீண்ட ஆயுளுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இதே சாப்பாடு சாப்பிட்ட அவருடைய தம்பி அறுபதில் போய்விட்டார். ஆனால் எண்பத்தைந்திலும் தரையில் படுத்துக் கிரீஸ் அடிக்கவும், யாரும் கைகொடுக்காமல் எழுந்திருக்கவும் அவரால் முடிந்தது. அது சும்மா உட்காராமல் இருந்ததால் வந்ததுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வயதானவர் ஓட்டுவதை எப்போது நிறுத்துவது என்பது எல்லா வீட்டிலும் வரும் சங்கடம். எங்கள் வீட்டில் சண்டை இல்லாமல் நடந்ததற்குக் காரணம், அதை அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ததுதான். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு இரவில் ஓட்டுவதை நிறுத்தினார். அப்புறம் சத்தி ரோட்டில் பஸ்கள் உரசிக்கொண்டு போவது பிடிக்கவில்லை என்று மெயின் ரோட்டை விட்டார். பிறகு வாய்க்கால் தடம் மட்டும். எண்பத்திரண்டில் ஒரு நாள் மதகுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, சுற்றி வந்து இடப்பக்கம் ஏறிக்கொண்டார். "நீ ஓட்டு சாமி" என்றார். அவ்வளவுதான். நாங்கள் கவனமாக இருந்தது ஒன்றே ஒன்றில்: அதன் பிறகும் அவர் இல்லாமல் வண்டியை எடுக்கவில்லை, அவரைக் கேட்காமல் ஒரு நட்டைக்கூட மாற்றவில்லை. காது மந்தமான பிறகும் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை டேப்பட் கவரில் (வால்வுகளின் மேல்மூடியில்) வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு, மூன்றாவது வால்வில் இடைவெளி கூடிவிட்டது என்று சொல்வார். கழற்றி, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். வீட்டில் பெரியவர்களிடமிருந்து சாவியை வாங்குகிறீர்கள் என்றால் அந்த இடப்பக்க சீட்டையும் சேர்த்து யோசியுங்கள்.

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் திறந்த பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. பளபளக்கும் கார்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், வெளியே வந்ததும், "எல்லாம் சுத்தமா இருக்குது. ஓடுதான்னு கேட்டயா?" என்றார்.

காகித விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். எங்களுக்கு அம்மா, மாமா, சித்தி எல்லாரும் கையெழுத்துப் போட்டதால் சுலபமாக முடிந்தது. இப்போது ஆர்.சி.யிலேயே நாமினி போடும் வசதி இருக்கிறது, பெரியவர் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஏற்கனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. சாதாரணப் பதிவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணமும் 2022இலும் 2025இலும் கடுமையாக ஏறிவிட்டது. நாங்கள் யோசித்துப் பார்த்துச் சாதாரணப் பதிவிலேயே இருக்கிறோம். சந்தைக்கும் பண்ணாரிக்கும் போகாத ஆஸ்டினை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தண்ணீர் முறை, மஞ்சள் நட்ட தேதி, கன்று ஈன்ற நாள், கிரீஸ் அடித்த நாள் எல்லாவற்றையும் அப்புச்சி ஒரே நோட்டில் எழுதுவார். அந்த நோட்டுகள் இல்லையென்றால் எந்த வருடம் எந்தப் பாகம் மாற்றியது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. நானும் அதிலேயே தொடர்ந்து எழுதுகிறேன். இடது பக்கக் கிங்பின்னில் ஆட்டம் தெரிகிறது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கையில் தட்டுகிறது. புஷ் கடைய வேண்டும். லேத்காரர் பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.